கால் அடிபட்ட குதிரைக்கு இன்னொரு வலி ஊசி போடலாமா? அவசரம்

தக்கலைக்காரன் | திங்கள், இரவு 8:50

எல்லோருக்கும் வணக்கம். இங்கே மாடு, ஆடு பேச்சுதான் அதிகம், குதிரைக்கு இடம் உண்டா தெரியவில்லை. வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

என்னிடம் ஒரு பெண் குதிரை இருக்கிறது. பெயர் மின்னல், வயது எட்டு. கல்யாண ஊர்வலம், கோயில் கொடை என்று போவாள். சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் ஒரு கல்யாணம் முடிந்து மினி லாரியில் கொண்டுவந்தோம். இறக்கும்போது நல்ல மழை. பலகை வழுக்கி, முன் வலது கால் பலகைக்கும் லாரிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. குளம்புக்கு மேலே உள்ள மூட்டுக்குப் பக்கத்தில் நான்கு விரல் நீளம் கிழிந்துவிட்டது. அன்று இரவே டாக்டர் வந்தார். கழுவி, தையல் போட்டு, கட்டுப் போட்டு, டெட்டனஸ் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் போட்டார். வலிக்குக் கழுத்து நரம்பில் ஃப்ளூனிக்ஸின். ஞாயிறிலிருந்து தினமும் சாயங்காலம் மெலாக்ஸிகாம், அதுவும் நரம்பில்தான். அவருடைய உதவியாளர் வந்து போட்டுவிட்டுப் போகிறார்.

நேற்று கொஞ்சம் தேவலை போல இருந்தாள். இன்று காலையிலிருந்து அந்தக் காலைத் தரையில் வைக்கவே மாட்டேன் என்கிறாள். புல்லைக் கடித்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறாள். ஐந்து மணிக்கு மெலாக்ஸிகாம் போட்டாயிற்று, மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. டாக்டர் எங்கோ கன்று ஈனாமல் நிற்கும் பசுவைப் பார்க்கப் போயிருக்கிறார், போன் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மாடு வளர்ப்பவர். அவரிடம் ஒரு வலி ஊசி பாட்டில் இருக்கிறது. "இருபது மில்லி சதையில் போடு, ராத்திரி தூங்கும்" என்கிறார். போடலாமா? பத்து நாளில் வேறொரு ஊர்வலத்துக்கு அட்வான்ஸ் வேறு வாங்கியிருக்கிறேன்.

பழையவண்டி | இரவு 9:02

போடு தம்பி. வாயில்லா ஜீவன் வலியில் துடிக்கும்போது கணக்குப் பார்க்கக் கூடாது. என் அப்பா நாகர்கோவிலில் குதிரை வண்டி ஓட்டியவர். கால் பிசகினால் சூடு போட்டு, கொள்ளு வேகவைத்துக் கொடுத்து, மூன்றாம் நாள் வண்டியில் பூட்டுவார். குதிரை சாகவில்லை.

ஆரல்காற்று | இரவு 9:10

தம்பி, அந்த ஊசியைக் கீழே வையுங்கள். நான் முப்பது வருடம் கால்நடைத் துறையில் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். டாக்டர் இல்லை. ஆனால் இரண்டு வலி ஊசியை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வீணாய்ப்போன உருப்படிகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஃப்ளூனிக்ஸின், மெலாக்ஸிகாம், ஃபீனைல்பியூட்டசோன், டைக்ளோஃபெனாக் எல்லாம் ஒரே குடும்பம். வலியையும் வீக்கத்தையும் கிளப்புகிற பொருளை உடம்பு செய்யவிடாமல் தடுக்கிற மருந்துகள். சிக்கல் எங்கே என்றால், அதே வகைப் பொருள்தான் இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது, சிறுநீரகத்துக்கு ரத்தம் ஒழுங்காகப் போகவும் வைக்கிறது. ஒரு மருந்து அளவோடு போனால் குதிரை தாங்கும். அதே குடும்பத்தில் இரண்டாவது சேர்ந்தால் வலி இரண்டு மடங்கு குறைவதில்லை, புண்தான் இரண்டு மடங்கு. இரைப்பையில் புண், பெருங்குடலில் அழற்சி, சிறுநீரகப் பாதிப்பு. தண்ணீர் குடிக்காமல் நிற்கிற குதிரைக்கு இன்னும் மோசம்.

இன்னொன்று, குதிரையின் இரைப்பையில் அமிலம் இருபத்துநான்கு மணி நேரமும் சுரந்துகொண்டே இருக்கும், தின்றாலும் தின்னாவிட்டாலும். இன்று அவள் தின்னவில்லை என்கிறீர்கள். வெறும் வயிற்றில் வலி மருந்து என்றால் மனிதனே தாங்கமாட்டான்.

கொஞ்சம் விவரம் சொல்லுங்கள். தண்ணீர் எவ்வளவு குடித்தாள்? சாணம் போட்டாளா, எப்படி இருந்தது? எடை என்ன? அந்த பாட்டிலில் என்ன எழுதியிருக்கிறது?

பழையவண்டி அண்ணாச்சிக்கு: சூடு என்பது ஏற்கெனவே வலிக்கிற இடத்தில் புதிதாக ஒரு தீப்புண். பூட்டினால் குதிரை போகும்தான், அடிக்குப் பயந்து.

தக்கலைக்காரன் | இரவு 9:21

தண்ணீர் காலையிலிருந்து அரை வாளிகூட இருக்காது. சாணம் மதியம் ஒரு தடவை, சின்னச் சின்ன உருண்டையாக, காய்ந்த மாதிரி. எடை 400 கிலோ என்று டாக்டரிடம் சொன்னேன், அவரும் எழுதிக்கொண்டார். பாட்டில் படம் போட்டிருக்கிறேன்.

மருந்துக்கடை அக்கா | இரவு 9:26

படம் பார்த்தேன். தம்பி, லேபிளின் கீழே பொடி எழுத்தைப் படியுங்கள். ஒரு மில்லியில் மெலாக்ஸிகாம் 5 மில்லிகிராம், பாராசிட்டமால் 150 மில்லிகிராம். மாட்டுக்குக் காய்ச்சல், மடிவீக்கம் என்றால் எழுதுகிற கூட்டு மருந்து இது. பெயர் வேறாக இருப்பதால் வேறு மருந்து என்று நினைத்துவிட்டீர்கள். சாயங்காலம் போட்ட அதே மெலாக்ஸிகாம்தான் இதற்குள்ளும் இருக்கிறது. இருபது மில்லி என்றால் இன்னும் 100 மில்லிகிராம். எங்கள் கடையில் வாரத்துக்கு இரண்டு பேராவது இப்படி வந்து நிற்கிறார்கள். கம்பெனிப் பெயரைப் பார்க்காதீர்கள், அதன் அடியில் இருக்கிற மருந்தின் பெயரைப் பாருங்கள்.

யாராவது டைக்ளோஃபெனாக் கொடுக்க வந்தாலும் வாங்காதீர்கள். கால்நடைக்கான டைக்ளோஃபெனாக் 2006-லேயே இந்தியாவில் தடை. அந்த மருந்து உடம்பில் இருக்கும்போது செத்த மாட்டைத் தின்ற பாறு கழுகுகள் சிறுநீரகம் கெட்டு கூட்டம் கூட்டமாக அழிந்தன. அப்புறமும் மனிதர்களுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டதால், 2015-ல் அதையும் ஒரு வேளைக்கான 3 மில்லி அளவாகச் சுருக்கினார்கள். 2023-ல் அசிக்ளோஃபெனாக்கும் கீட்டோப்ரொஃபெனும் விலங்குகளுக்குத் தடை. நம் மாவட்டத்தில் பாறு கழுகு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், சட்டம் பாறு கழுகு வாழ்கிற முதுமலைக்கும் தக்கலைக்கும் ஒன்றுதான்.

மலையோரம் | இரவு 9:40

நான் கால்நடை மருத்துவர், பக்கத்து மாவட்டத்தில் வேலை. நேரில் பார்க்காமல் மருந்து எழுதமாட்டேன். ஆனால் இதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்கவும் முடியவில்லை.

நீங்கள் கேட்பது "வலி குறையவில்லை, இன்னும் என்ன போடலாம்" என்று. நான் கேட்பது "சரியான மருந்து போயும் வலி ஏன் கூடுகிறது" என்று. முதல் நாள் தேவலையாக இருந்த குதிரை, மூன்றாம் நாள் காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது என்றால் அது மருந்துப் பற்றாக்குறையாக இருக்க வாய்ப்புக் குறைவு. கட்டு இறுகியிருக்கலாம். தையலுக்கு உள்ளே சீழ் கட்டியிருக்கலாம். எலும்பில் முதலில் தெரியாத விரிசல் இருக்கலாம். எனக்கு ரொம்பப் பயம், காயம் மூட்டுக்குள் திறந்து கிருமி உள்ளே போயிருக்குமோ என்பது. மூட்டுக்குள் கிருமி என்றால் நாள் கணக்கில் பார்க்க முடியாது, மணிக் கணக்கு. இப்போது இன்னொரு ஊசி போட்டு அவளைத் தூங்க வைத்தால், நமக்குத் தகவல் சொல்கிற ஒரே வாயையும் அடைத்த மாதிரி ஆகிவிடும். வயிற்று வலி வந்தால்கூடத் தெரியாது.

சதையில் போடு என்றாரே, அதுவும் வேண்டாம். ஃப்ளூனிக்ஸினைக் குதிரைக்குச் சதையில் போட்டு, அந்த இடத்தில் வாயுக் கிருமி பெருகிச் செத்த குதிரைகள் உண்டு. நரம்பு ஊசியை நீங்களே முயற்சி செய்யவும் வேண்டாம். கழுத்தில் சிரையை ஒட்டியே தமனி ஓடுகிறது. தவறி அதில் போனால் மருந்து நேரே மூளைக்குப் போய்க் குதிரை அங்கேயே வெட்டி இழுத்து விழும்.

இப்போதே இரண்டு காரியம் செய்யுங்கள். தாடை எலும்பின் உள்விளிம்பில் விரலை வைத்தால் ஒரு நாடி உருளும். பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். சும்மா நிற்கிற குதிரைக்கு 28 முதல் 44 வரை இருக்க வேண்டும். அப்புறம் ஆசனவாயில் தெர்மாமீட்டர், 99-இலிருந்து 101 வரை சரி. கட்டுக்கு மேலேயும் கீழேயும் தொட்டுப் பார்த்து, சூடும் வீக்கமும் எப்படி என்று சொல்லுங்கள்.

ஆரல்காற்று | இரவு 9:44

டாக்டர் சொன்னதோடு ஒன்று. வீட்டில் தையல் டேப் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். சேணத்தின் வார் ஓடுகிற இடத்தில் நெஞ்சைச் சுற்றி ஒரு அளவு. தோள்முனையிலிருந்து பிட்டத்தின் பின்முனை வரை ஒரு அளவு. இரண்டும் சென்டிமீட்டரில். நெஞ்சளவை அதே எண்ணால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 11880-ஆல் வகுத்தால் எடை கிலோவில் வரும். நாட்டுக் குதிரை 400 கிலோ என்பதை நான் நம்பவில்லை.

தக்கலைக்காரன் | இரவு 10:05

நாடி 60. மூன்று தடவை எண்ணினேன். காய்ச்சல் 102.8. கட்டுக்கு மேலே முழங்கால் வரை வீங்கிச் சூடாக இருக்கிறது, தொட்டால் கடிக்க வருகிறாள். நெஞ்சு 158, நீளம் 142.

ஆரல்காற்று | இரவு 10:09

298 கிலோ. 300 என்று வைத்துக்கொள்வோம்.

மலையோரம் | இரவு 10:14

நன்றி அண்ணாச்சி, இது பெரிய உதவி. கணக்கைப் பாருங்கள். மெலாக்ஸிகாம் குதிரைக்குக் கிலோவுக்கு 0.6 மில்லிகிராம், நாளுக்கு ஒரே தடவை. 400 கிலோ என்று நினைத்து 240 போயிருக்கும். உண்மையில் தேவை 180. ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்கு கூடுதல். பக்கத்து வீட்டு பாட்டிலையும் சேர்த்திருந்தால் 340, ஏறக்குறைய இரட்டை அளவு, தண்ணீர் குடிக்காத குதிரைக்கு.

நாடியும் காய்ச்சலும் எனக்குப் பிடிக்கவில்லை. விடியும் வரை காத்திருக்காதீர்கள். கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கு அழைத்து எழுதி வைக்கச் சொல்லுங்கள், உங்கள் டாக்டருக்கு இந்த எண்களை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். "வலிக்கிறது" என்பதைவிட "நாடி 60, காய்ச்சல் 102.8, எடை 298" என்பதற்கு ஓடி வருவார். எக்ஸ்ரே எடுத்து மூட்டு நீரையும் பார்க்க வேண்டும். உங்களுக்கு எட்டுகிற தூரத்தில் திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

பழையவண்டி | இரவு 10:20

சரி, ஊசி வேண்டாம். முறிவெண்ணெய் தடவி இறுக்கிக் கட்டு. அதில் கெடுதல் ஒன்றுமில்லையே?

ஆசான் பேரன் | இரவு 10:31

அண்ணாச்சி, நான் வர்ம வைத்தியக் குடும்பம், என் தாத்தா ஆசான். முறிவெண்ணெயை நான் விட்டுக்கொடுக்கமாட்டேன், ஆனால் அதை வைக்கிற இடம் இதுவல்ல. சுளுக்கு, சதைப்பிடிப்பு, தோல் கிழியாத அடி, அதற்குத்தான் எண்ணெய். வாய் திறந்த காயத்தில் தாத்தா எண்ணெய்த் துணியை வைத்து நான் பார்த்ததில்லை. சீழ் இருக்கிற இடத்தை எண்ணெய் போட்டு மூடி இறுக்கினால் அது உள்ளே போகும். இறுக்கிய கட்டில் ரத்தம் நின்றால் கீழே குளம்பே செத்துவிடும்.

சங்குத்துறை | இரவு 10:48

கடற்கரையில் குதிரை வைத்து ஓட்டுகிறவன் நான். அண்ணே, லாரியில் ஏற்றும்போது மின்னலின் தலை வண்டியின் பின்பக்கம் பார்க்கிற மாதிரி நிறுத்துங்கள். முன்காலில் அடி என்றால் அதுதான் முறை. பிரேக் போடும்போது பாரம் பின்காலுக்குப் போகும். கட்டுக்கு மேலே பஞ்சும் துணியும் தடிமனாகச் சுற்றி, காலின் நீளத்துக்குப் பட்டைக்கம்பு வைத்து டாக்டரைக் கட்டச் சொல்லுங்கள். பலகைக்குச் சாக்கு விரியுங்கள், இந்தத் தடவை. ஆரல்வாய்மொழி தாண்டும்போது காற்று தூக்கி அடிக்கும், தார்ப்பாயை நன்றாகக் கட்டுங்கள். வழியில் நிறுத்தித் தண்ணீர் காட்டுங்கள்.

தக்கலைக்காரன் | செவ்வாய், அதிகாலை 1:15

டாக்டர் வந்துவிட்டார். கட்டைப் பிரித்தார், நாற்றம். பட்டைக்கம்பு வைத்துக் கட்டியிருக்கிறார். எடையைச் சொன்னதும் "டேப்பால் அளந்தீர்களா?" என்று கேட்டுத் தன் நோட்டில் திருத்திக்கொண்டார். நான்கு மணிக்குக் கிளம்புகிறோம்.

தக்கலைக்காரன் | புதன், இரவு 7:30

எல்லோருக்கும் பதில் சொல்லத் தாமதம், மன்னிக்கவும்.

எலும்பில் முறிவு இல்லை. மூட்டில் ஊசி வைத்து நீர் எடுத்துப் பார்த்தார்கள், தெளிவாக இருந்தது. கிருமி மூட்டுக்குள் போகவில்லை, தோலுக்கு அடியில்தான் சீழ் கட்டி நின்றிருக்கிறது. அந்தக் காலுக்கு மட்டும் மரத்துப்போக ஊசி போட்டு, இரண்டு தையலைப் பிரித்துக் கழுவிவிட்டார்கள். சீழ் இறங்கின அரை மணியில் காலைத் தரையில் வைத்தாள். எந்த வலி ஊசியாலும் ஆகாதது!

டிரிப் போட்ட பிறகுதான் ஆன்டிபயாட்டிக்கை மாற்றினார்கள். ஜென்டாமைசின் சேர்க்க வேண்டும், அதுவும் சிறுநீரகத்தைப் பிடிக்கிற மருந்து, வலி மருந்தும் போகிறது, முதலில் உடம்பில் தண்ணீர் ஏறட்டும் என்றார் அங்கிருந்த டாக்டர். வலிக்கு அதே மெலாக்ஸிகாம்தான், 180. அதற்கு மேல் வேண்டியிருந்தால் வேறு குடும்பத்து மருந்தைத்தான் சேர்ப்போம், இதையே கூட்டமாட்டோம் என்றார். இரைப்பைக்கு ஒமிப்ரசோல் எழுதியிருக்கிறார்.

இரண்டு நாளாக ஒரு நோட்டைக் கயிற்றில் கட்டிக் கொட்டகைத் தூணில் தொங்கவிட்டிருக்கிறேன். மருந்து, மணி, யார் போட்டது, நாடி, சாணம், தண்ணீர். நேற்று உதவியாளர் வந்துபோனது தெரியாமல் என் தம்பி "இன்னும் ஊசி போடவில்லையே" என்று போன் செய்யப் போனான். நோட்டைக் காட்டினேன்.

மலையோரம் | புதன், இரவு 8:05

நல்ல செய்தி. இனி எல்லோரும் மறக்கிற ஒன்றைச் சொல்கிறேன். அடிபடாத இடது காலைப் பாருங்கள். வலது காலை ஊன்றாமல் நின்ற நாட்களில் பாரம் முழுவதும் அதில்தான். அந்தக் குளம்புக்குள் அழற்சி வந்தால் குளம்புக்குள் இருக்கிற எலும்பே இடம் நகரும், காயத்தில் பிழைத்த குதிரை அதில் போய்விடும். காலையும் மாலையும் குளம்பைத் தொட்டுச் சூடு பாருங்கள். குளம்புக்குச் சற்று மேலே பின்பக்கம் நாடி துள்ளுகிறதா என்று பாருங்கள். சிமென்ட் தரையில் நிறுத்தாதீர்கள். தென்னைநார்க் கழிவு உங்கள் பக்கம் மலிவு, ஒரு சாண் உயரத்துக்குக் கொட்டுங்கள்.

கொள்ளையும் தவிட்டையும் குறையுங்கள். புல் எப்போதும் முன்னால் இருக்கட்டும். சாணம் தண்ணியாகப் போனாலோ, தின்னாமல் பல்லைக் கடித்தாலோ, வயிற்றுக்கு அடியில் நீர் கோத்து வீங்கினாலோ மருந்தை நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடுங்கள்.

சங்குத்துறை | புதன், இரவு 8:20

குளம்பு சூடாகத் தெரிந்தால் டாக்டர் வருவதற்குள் ஐஸில் நிறுத்துங்கள். குளச்சலிலோ தேங்காப்பட்டணத்திலோ மீனுக்கு உடைக்கிற ஐஸ் மூட்டைக் கணக்கில் கிடைக்கும். என் குதிரைக்கு வாளியில் தண்ணீரும் ஐஸும் போட்டுக் காலை உள்ளே விட்டிருக்கிறேன். மீன் நாற்றத்துக்கு ஒரு நாள் முகத்தைத் திருப்பியது, அவ்வளவுதான். காயக் கட்டு மட்டும் நனையக் கூடாது.

வேளிமலை | ஒன்பது நாள் கழித்து, காலை 6:40

புதிதாக வந்தவன். முழுவதும் படித்தேன். ஒரு சந்தேகம். குதிரை இப்போது நன்றாக நடக்கிறது என்றால், ஊர்வலத்தன்று காலை ஒரு வலி ஊசி போட்டுக் கொண்டுபோய்விட்டு வந்தால் என்ன? இரண்டு கிலோமீட்டர்தானே. சில பேர் அப்படிச் செய்கிறார்கள்.

ஆரல்காற்று | காலை 7:15

செய்கிறார்கள், தெரியும். ஊசியால் காயம் ஆறுவதில்லை, காயம் இருப்பது குதிரைக்குத் தெரியாமல் போகிறது. வலிதான் அந்தக் காலில் பாரம் போடாதே என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அதை அடக்கிவிட்டு, மேலே மாப்பிள்ளையை உட்கார வைத்து, முன்னால் செண்டை மேளம், பின்னால் வெடி. மிரண்டு ஒரு தடவை துள்ளினால் பாதி ஆறிய தசைநார் என்ன ஆகும்? மாப்பிள்ளையின் கால் என்ன ஆகும்? காயம்பட்ட பிராணியை வேலைக்கு விடுவது 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

தக்கலைக்காரன் | காலை 7:50

அந்த ஊர்வலத்தை நான் விட்டுவிட்டேன். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்து, சங்குத்துறை அண்ணன் குதிரையைச் சொல்லிவிட்டேன். பெண் வீட்டார் ஆரம்பத்தில் கத்தினார்கள், வெள்ளைக் குதிரை கிடைத்ததும் சமாதானம். மின்னல் செவலை.

நடுவில் ஒரு நாள் சாணம் இளகலாகப் போனது. நோட்டைப் படம் எடுத்து அனுப்பினேன், டாக்டர் அன்றைய மருந்தை நிறுத்தச் சொன்னார், மறுநாள் சரியானது. பிறகு மெலாக்ஸிகாமை முழுவதும் நிறுத்தி, இரண்டு நாள் மருந்தே இல்லாமல் விட்டு, மூன்றாம் நாள் நடக்க வைத்துப் பார்த்தார். நேராக நடக்கும்போது ஒன்றும் தெரியவில்லை. வலது பக்கம் திருப்பினால் தலையை லேசாக ஆட்டுகிறாள். இன்னும் இரண்டு வாரம் கொட்டகைக்குள்தான், கையில் பிடித்துக் காலையும் மாலையும் பத்து நிமிட நடை. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை, கதவை உதைக்கிறாள்.

நேற்று பக்கத்து வீட்டு அண்ணன் வந்து தையல் டேப்பைக் கேட்டார். பசுவை அளந்து பார்க்கவாம். மாட்டுக்கும் அதே 11880-தானா?

ஆரல்காற்று | காலை 8:02

இல்லை. மாட்டுக்கு 10840-ஆல் வகுக்கச் சொல்லுங்கள். பசு நான்கு காலிலும் சமமாக நிற்கும்போது அளக்க வேண்டும்.